தண்ணி லாரியும் தோழமையும்

வணக்கம் ஐயா,

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். நாடு கடந்த தோழமையை, அதாவது வேறு நாட்டு மக்களின் கஷ்டத்தில் அவர்கள் பக்கம் நிற்பதை, பாடத்தில் வைக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வகுப்பில் பேசிப் பார்த்தேன். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, “நம்ம தெருவுக்கே தண்ணி லாரி வரல மிஸ், அவங்களுக்கு நாம என்ன பண்றது?” என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை. நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

எனக்கும் சட்டென்று வந்திருக்காது. ஆனால் பாடத்தையே அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம். ஐ.நா.வின் உறுப்புகள், தெற்காசிய நாடுகளின் அமைப்பான சார்க் தொடங்கிய 1985 என்று ஒப்பிப்பதில் அவளுக்கு இடமே இல்லை. (‘ஒருமைப்பாடு’ என்றால் நம் பள்ளிகளில் முன்னால் ‘தேசிய’ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் தோழமை என்கிறேன்.)

அவளுக்கு லங்காஷயர் கதையைச் சொல்லுங்கள். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. அடிமைமுறையை விடாத தென் மாநிலங்களின் துறைமுகங்களை வடக்கு அரசு மறித்தது. பருத்தி வரத்து நின்றது. இங்கிலாந்தில் லங்காஷயர் மில்கள் மூடின. லட்சக்கணக்கானோர் வேலையில்லாமல் கஞ்சிக்கு வரிசையில் நின்றார்கள். அந்த நிலையில்தான் 1862 டிசம்பர் 31 அன்று மான்செஸ்டரில் தொழிலாளர்கள் கூடி, அடிமைமுறையை ஒழியுங்கள், நாங்கள் உங்கள் பக்கம் என்று அமெரிக்க அதிபர் லிங்கனுக்கு எழுதினார்கள். அடுத்த மாதமே அவர் பதில் எழுதினார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் மாவுப் பீப்பாய்களும் வந்தன. மறியலை உடைத்துப் பருத்தியைக் கொண்டுவா என்று கத்தியவர்களும் அதே லங்காஷயரில் இருந்தார்கள். இதை மறைக்காதீர்கள். மறைத்தால் சாமி கதை ஆகிவிடும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். பெரம்பூர் பி அண்ட் சி துணி மில்லில் வேலை பார்த்த தாத்தா உங்கள் வகுப்பில் யாருக்காவது இருப்பார். அந்தத் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கியதுதான் சென்னைத் தொழிலாளர் சங்கம். அதன் தலைவர் பி.பி. வாடியா அடுத்த ஆண்டே லண்டனுக்குப் போய் இவர்கள் நிலையைப் பேசினார்.

அதற்கு முன்பே, 1881இல், இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்திருந்தது. ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் அதற்காக நச்சரித்தவர்களில் லங்காஷயர் மில் முதலாளிகளும் உண்டு, இந்திய மில்களின் போட்டி பொறுக்காமல். பட்டினியோடு கடிதம் எழுதிய தொழிலாளியின் அக்கறையும் இந்த முதலாளியின் அக்கறையும் ஒன்றா என்று பிள்ளைகளைக் கேளுங்கள். ஒரு பீரியட் போதாது.

உண்டியலை மட்டும் எடுத்துவராதீர்கள். உண்டியல் வந்ததும் கொடுக்கிறவர், வாங்குகிறவர் என்று ஆள் பிரிந்துவிடும். கொடுக்க ஒன்றுமில்லாத பிள்ளை அன்றைக்கு லீவு போட்டுவிடும்.

அப்புறம் வீட்டுப்பாடம். அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிடாத பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்காது. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடைகள் அரசுடைமையானபின் கப்பலேறி வந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் வியாசர்பாடியில் நிறையப் பேர். அந்தத் தாத்தா பாட்டிகளிடம், சென்னையில் வந்து இறங்கிய முதல் வாரம் குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைத்தது, யார் கொடுத்தார்கள், யார் விரட்டினார்கள் என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். தண்ணி லாரி கேட்ட பெண் முதலில் வாசிக்கட்டும். மதிப்பெண் வேண்டாம்.