நர்சிங் முதல் வருஷம்: படுக்கை விரிக்கவா படிக்க அனுப்பினோம்?

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது, ராத்திரி போன் செய்தால் அழுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். “பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்த பிள்ளையைப் படுக்கை விரிக்கவும் பெட் பேன் (படுக்கையிலேயே மலஜலம் கழிக்க வைக்கும் பாத்திரம்) எடுக்கவும் விடுகிறார்கள். இதற்கா ஃபீஸ் கட்டினோம்? நிறுத்திவிட்டு வேறு கோர்ஸில் சேர்த்துவிடலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் அம்மா. பல வருஷம் வார்டில் வேலை பார்த்துவிட்டு இந்த ஆலோசனைப் பணிக்கு வந்தவள் என்பதால், காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான்கு வருஷப் படிப்பில் முதல் இரண்டு செமஸ்டரிலும் நர்சிங் ஃபவுண்டேஷன் என்ற பாடம் வரும். அனாடமியையும் ஃபிசியாலஜியையும் ராத்திரி கண்விழித்துப் படித்துப் பாஸ் பண்ணிவிடலாம். இது அப்படி இல்லை. கையும் கண்ணும் பழகிப் பழகித்தான் வரும்.

நீங்கள் வருத்தப்படும் படுக்கை விரிப்பையே எடுத்துக்கொள்வோம். விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது என்று டியூட்டர் திரும்பத் திரும்பப் பிரித்துப் போடச் சொல்கிறாராமே, அது அழகுக்காக அல்ல. பக்கவாதம் வந்து அசைய முடியாமல் கிடப்பவருக்கு எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில் உடம்பின் பாரம் அழுத்தும். அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறையும். அதோடு விரிப்பின் சுருக்கமும் ஈரமும் சேர்ந்தால் தோல் சீக்கிரம் புண்ணாகிவிடும். இதுதான் படுக்கைப் புண். வந்துவிட்டால் ஆற மாதக் கணக்காகும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்கச் சொல்வது இதைத் தடுக்கத்தான்.

உடம்பு துடைத்துவிடும் ஸ்பாஞ்ச் பாத்தையும் மகள் இழிவாக நினைக்க வேண்டாம். ஒரு நோயாளியின் முழு உடம்பையும் உச்சி முதல் பாதம் வரை ஒருவர் பார்க்கிற நேரம் அந்த நாளில் பெரும்பாலும் அது ஒன்றுதான். குதிகால், இடுப்பின் பின்புறம், தோள்பட்டை இவற்றைத் துடைக்கும்போதே கவனிக்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுத்துப் பிறகு நிறம் திரும்ப வேண்டும். அழுத்தியும் சிவப்பு மாறவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. நம் ஊர் மாநிறத்திலும் கறுப்பிலும் இந்தச் சிவப்பு சட்டென்று தெரியாது. புறங்கையை வைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அங்கே அழுத்தித் தேய்த்துவிடவும் கூடாது. இதையெல்லாம் ஒரு தடவை கையால் உணர்ந்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது.

என் மாணவிப் பருவத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். காலையில் வைட்டல்ஸ் எழுத வேண்டும். டெம்பரேச்சர், பல்ஸ், பி.பி. எல்லாம் ஒழுங்காகப் பார்ப்பேன். மூச்சை மட்டும் எண்ணாமல், எல்லோருக்கும் 20 என்று வரிசையாக எழுதிவிடுவேன். கூடப் படித்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் இருந்த ஒரு பெரியவரிடம் வார்டு சிஸ்டர் என்னை அழைத்துப்போய், மணிக்கட்டைப் பிடித்தபடியே முழுதாக ஒரு நிமிஷம் மூச்சை எண்ணச் சொன்னார். 32 வந்தது. பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரைதான் இருக்க வேண்டும். அவரை உடனே ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள், பிழைத்துக்கொண்டார். ஆனால் சார்ட்டில் என் கையெழுத்தில் 20 என்று இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

பி.பி. இறங்குவதற்கு முன்பே பல நேரம் மூச்சின் வேகம் மாறிவிடும். எண்ணப்போகிறோம் என்று சொன்னால் நோயாளி தன்னையறியாமல் மூச்சை மாற்றி விடுவார். அதனால்தான் நாடி பார்ப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டு மார்பின் ஏற்ற இறக்கத்தை எண்ணச் சொல்கிறார்கள்.

ஊசி எப்போது போடக் கற்றுத்தருவார்கள் என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்கிறாராம். அதற்கும் காலம் வரும். குத்துவதைவிடச் சரியான ஆளுக்குச் சரியான மருந்து போகிறதா என்று பார்ப்பதுதான் கடினம். “நீங்கதானே முருகன்?” என்று கேட்டால் மயக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் தலையாட்டுவார். “உங்க பேர் என்னங்க?” என்று கேட்டு, கையில் கட்டியிருக்கும் பட்டையையும் கேஸ் ஷீட்டையும் ஒத்துப்பார்த்த பிறகே மருந்தைக் கையில் எடுக்க வேண்டும். கை கழுவுவதும் அப்படித்தான். சோப்பும் தண்ணீருமாக 40 முதல் 60 விநாடி, ஒவ்வொரு நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும்.

பெட் பேன் விஷயத்தில் அவளுடைய கூச்சம் எனக்குப் புரிகிறது. அவளைவிட அந்த நோயாளி பத்து மடங்கு கூசிப்போயிருப்பார் என்பதை மட்டும் அவளிடம் சொல்லுங்கள். திரையை இழுத்துவிட்டு, போர்வையால் மூடி, என்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிச் செய்தால் இருவருக்கும் பாரம் குறையும். முதன்முதலில் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுவதும் சகஜம். அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

நீங்கள் விசாரிக்க வேண்டியது வேறு. கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில், மாநிலக் கவுன்சில் இரண்டின் அங்கீகாரமும் இருக்கிறதா? வார்டுக்குப் போகும்முன் லேபில் பொம்மையை வைத்துப் பழக்குகிறார்களா? வார்டில் டியூட்டர் கூட நிற்கிறாரா, அல்லது ஆள் பற்றாக்குறைக்குப் பிள்ளைகளை விட்டு வேலை வாங்குகிறார்களா? பின்னது நடந்தால் அவள் அழுவதில் நியாயம் இருக்கிறது. நேரில் போய்ப் பிரின்சிபாலிடம் பேசுங்கள், தயங்க வேண்டாம். அதெல்லாம் சரியாக இருந்தும், முதல் வருஷ வார்டு போஸ்டிங் முழுதும் முடிந்த பிறகும், நோயாளியின் பக்கத்தில் நிற்கவே அவளுக்கு மனம் வரவில்லை என்றால் என்னிடம் அழைத்து வாருங்கள். வேறு வழியைச் சேர்ந்து யோசிப்போம்.

இந்த ஞாயிறு அவள் வீட்டுக்கு வருகிறாளாமே. மாமியாருக்குச் சர்க்கரை என்று எழுதியிருந்தீர்கள். பாட்டியின் பாதத்தை அவள் பார்க்கட்டும், குதிகால் வெடிப்பு, விரலிடுக்கு எதையும் விடாமல். அப்புறம் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிஷம் நாடியும், கையை விடாமலே அடுத்த நிமிஷம் மூச்சும் எண்ணி, ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதட்டும். அந்த இரண்டு நிமிஷம் டிவியை அணைத்துவிடுங்கள்.