குளக்கட்டிலும் கடற்கரையிலும் பாட்டுக் கேட்க எந்த ஸ்பீக்கர்?

கிளிநொச்சியில் வானொலியும் ஒலிபெருக்கியும் திருத்துவது என் தொழில். பள்ளி விடுமுறை முடிந்ததும் என் மேசைக்கு வருபவை பெரும்பாலும் சுற்றுலா போய்த் திரும்பிய புளூடூத் ஸ்பீக்கர்கள்தான்: செம்மண் தூசி அடைத்தவை, உப்புப் பூத்தவை, வெயிலில் பற்றரி ஊதியவை. வாங்க முன்பே ஒரு சொல் கேட்டிருக்கலாமே என்று மனம் நோகும். இந்த முறை முன்கூட்டியே கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

அண்ணா, பத்துப் பேர் முத்தையன்கட்டுக் குளத்தடியில் ஓர் இரவு தங்கப் போகிறோம். கடையில் ஒரு பெட்டியில் 1000 வாட் என்றும் இன்னொன்றில் 20 வாட் என்றும் எழுதியிருக்கிறது. எதை வாங்குவது? (வவுனியா மாணவர்)

தம்பி, கையடக்கப் பெட்டியில் 1000 என்று கண்டால் நம்ப வேண்டாம். அது பி.எம்.பி.ஓ. என்ற விளம்பரக் கணக்காக இருக்கும். அதை அளக்கப் பொதுவான விதியே கிடையாது. ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் எண்தான் தொடர்ந்து தரக்கூடிய வலு.

அதையும்விட முக்கியமான ஒன்று. வீட்டில் சுவர்கள் ஒலியைத் திருப்பித் தரும். குளக்கட்டில் சுவர் இல்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஒலி 6 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு) குறைகிறது. வாட்டை இரட்டித்தாலோ 3 டெசிபல்தான் கூடுகிறது. அதாவது, 8 மீட்டரில் இருக்கும் பெட்டியை 4 மீட்டருக்குக் கொண்டுவருவது, நான்கு மடங்கு வலுவுள்ள பெட்டியை வாங்குவதற்குச் சமம். ஆகவே 20 வாட் பெட்டியை வாங்கி, வட்டமாக இருந்து, நடுவில் வையுங்கள். தாளத்தின் அடிநாதம் மெலிந்தால் நீங்கள் வந்த வான் வண்டியின் பக்கப் பலகையோடு அணைத்து வைத்துப் பாருங்கள். அந்த வித்தியாசத்தைக் கேட்டுப் பலர் வியந்திருக்கிறார்கள்.

சத்தமாகப் பாட்டுப் போட்டால் யானை கிட்ட வராதுதானே? (ஒட்டுசுட்டான்)

தயவுசெய்து அப்படி எண்ண வேண்டாம். பாட்டு யானையைத் தடுக்காது. கிளை முறியும் ஓசையை உங்கள் காதிலிருந்து மறைத்துவிடும். இருட்டியதும் நிறுத்திவிடுங்கள்.

தம்பி, ஐ.பி.67 என்றால் கடலில் விழுந்தாலும் பழுதாகாதா? (முல்லைத்தீவிலிருந்து ஓர் அக்கா)

அக்கா, 6 என்பது தூசி உட்புகாது என்பதைக் குறிக்கும். 7 என்பது ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும் என்பதை. ஆனால் அந்தச் சோதனை நன்னீரில் நடப்பது. உப்புநீர் சார்ச் துளையின் உலோகத்தை அரித்துவிடும். கடலில் நனைந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, துளை முழுதாகக் காயும் வரை சார்ச் செய்யாமல் இருங்கள். ஐ.பி.எக்ஸ்7 என்று எழுதியிருந்தால் தூசிக்குச் சோதிக்கவில்லை என்று பொருள். நம் செம்மண் வீதிகளுக்கு நான் எப்போதும் 67ஐத்தான் சொல்வேன்.

12 மணித்தியாலம் என்று எழுதியிருந்த ஸ்பீக்கர் 4 மணித்தியாலத்தில் நின்றுவிட்டது. ஏமாற்றா? (மாங்குளம்)

பொதுவாக நிறுவனங்கள் நடுத்தர ஒலியில்தான் அளக்கின்றன. முழு ஒலியில் வைத்தால் அப்படித்தான் குறையும். நண்பகலில் பூட்டிய வாகனத்துக்குள் விட்டிருந்தால் பற்றரியின் ஆயுளே குறைந்திருக்கும். நீண்ட பயணம் போகிறவர் பெரிய பற்றரி உள்ளதை எடுக்கலாம். ஜே.பி.எல். ஃபிளிப் 6இல் 4800 மில்லி அம்பியர் மணி, 12 மணித்தியாலம். அதே நிறுவனத்தின் சார்ஜ் 5இல் 7500, 20 மணித்தியாலம். கைபேசிக்கும் மின் கொடுக்கும். ஆனால் சுமை கூடும்.

கைபேசியைப் பின்பையில் வைத்து நடந்தால் பாட்டு விட்டுவிட்டு வருகிறது.

உடம்பில் உள்ள நீர் புளூடூத் அலையை உறிஞ்சுகிறது. கைபேசியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வையுங்கள்.

லண்டனிலிருந்து மச்சான் ஸ்பீக்கரும் பவர் பாங்கும் கொண்டுவருகிறார். எந்தப் பையில் வைப்பது?

பவர் பாங்க் கைப்பையில் மட்டும்தான். 100 வாட் மணி வரை கொண்டுவரலாம். 20,000 மில்லி அம்பியர் மணி என்பது, பற்றரியின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால், 74 வாட் மணி. ஸ்பீக்கரையும் கைப்பையில் வைப்பதே நல்லது.

ஆவணி மாதம் மடு மாதா கோவில் திருவிழாவுக்குக் கூடாரம் அடிப்போம். அம்மாவுக்குப் பாடல் கேட்க வேண்டும்.

கூடாரத்துக்குக் கூடாரம் கைதொடும் தூரத்தில் இருக்கும் இடம். உள்ளங்கையளவுப் பெட்டி ஒன்றை அம்மாவின் தலைமாட்டில் தொங்கவிட்டு மெல்ல ஒலிக்க விடுங்கள். பக்கத்தில் செபம் சொல்கிறவருக்குக் கேட்கக்கூடாது.

போர் நடந்து, பற்றரி தடைசெய்யப்பட்ட காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். இன்றைய ஸ்பீக்கரை அப்படி ஓட்ட முடியுமா? (புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் ஐயா)

ஐயா, அன்று நானும் பெடல் சுற்றிய சிறுவன்தான். செய்தி முடியும் வரை கை ஓயக்கூடாது. ஓய்ந்தால் வீடே கத்தும்.

முடியும், ஆனால் நேரடியாக இணைக்க முடியாது. அந்த டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட் மாறுமின்னோட்டம். ஸ்பீக்கருக்கு 5 வோல்ட் நேர்மின்னோட்டம் வேண்டும். மின்னோட்டத்தை நேராக்க நான்கு டையோடும் ஒரு மின்தேக்கியும், வோல்ட்டை ஒழுங்காக்க ஒரு சிறு பலகையும் போட்டால் சரிவரும். ஆனால் ஃபிளிப் 6 போன்ற பெட்டியின் பற்றரி ஏறத்தாழ 17 வாட் மணி. வீணாவதைக் கணக்கில் எடுக்காமலே ஆறு மணித்தியாலம் சுற்ற வேண்டும். அந்த நாளைய சிறு வானொலி உண்ட மின் மிகக் குறைவு. அதனால்தான் அது இயலுமாயிற்று. டைனமோ இன்னும் கையில் இருந்தால் கடைக்குக் கொண்டுவாருங்கள். டையோடு போட்டு, சிறிய எஃப்.எம். வானொலி ஒன்றோடு இணைத்துத் தருகிறேன். கூலி வேண்டாம்.