சான்றிதழ் வாங்கும் முன் சம்பளப் பட்டியலைத் திறந்து பாருங்கள்

வேலைப் பக்கம்: கேள்வி - பதில்

கடலூர் சிப்காட்டில் டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்து, புதுச்சேரி சேதராப்பட்டில் எச்.ஆர். மேலாளராக ஓய்வு பெற்றவள் நான். அப்போதெல்லாம் எச்.ஆர். என்ற பெயரே கிடையாது, பர்சனல் டிபார்ட்மென்ட்தான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சான்றிதழ் படிப்புகளைப் பற்றியே இருந்ததால் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

அம்மா, எம்.பி.ஏ. (எச்.ஆர்.) முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. சரியான வேலை அமையவில்லை. ஒரு பயிற்சி மையத்தில் ‘வொர்க்டே’ மென்பொருளுக்கு மூன்று மாதப் பயிற்சியும் சர்டிபிகேட்டும் தருகிறார்களாம். கட்டணம் 85,000 ரூபாய். முடித்தால் ஐ.டி. கம்பெனியில் வேலை உறுதி என்கிறார்கள். நகையை அடகு வைத்துவிடலாம் என்கிறார் அப்பா. சேரலாமா?
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

நகை பீரோவிலேயே இருக்கட்டும்மா. அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

வொர்க்டே நல்ல மென்பொருள், அதில் சந்தேகமே இல்லை. பெரிய பெரிய நிறுவனங்கள் அதில்தான் ஊழியர் விவரங்களை வைத்திருக்கின்றன. ஆனால் அதன் சான்றிதழை வெளியிலிருந்து ஒருவர் பணம் கட்டி வாங்கிவிட முடியாது. அந்த மென்பொருளை வாங்கிய நிறுவனத்திலோ, அதை நிறுவிக் கொடுக்கும் கூட்டாளி நிறுவனத்திலோ நீங்கள் வேலையில் இருக்க வேண்டும். அந்த நிறுவனம் அனுப்பினால்தான் பயிற்சி, பரீட்சை எல்லாம். தனியார் மையம் தருவது அந்த மையத்தின் சர்டிபிகேட். அங்கே ஏதாவது கற்றுக்கொள்ளலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை வொர்க்டே சான்றிதழ் என்று பயோடேட்டாவில் எழுதினால், நேர்காணலில் முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். ‘வேலை உறுதி’ என்பதை எழுத்தில் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். கொடுக்க மாட்டார்கள்.

சரி, ஒன்றரை வருடமாக வேலை ஏன் அமையவில்லை? உங்களைப் போன்ற பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் நேர்காணல் செய்தவள் என்பதால் சொல்கிறேன். நான் எப்போதும் இரண்டு கேள்வி கேட்பேன். முதல் கேள்வி: ஏற்கெனவே பி.எஃப். ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கும் ஒருவருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 18,000 ரூபாய், பி.எஃப். முழுச் சம்பளத்துக்கும் பிடிக்கிறோம் என்றால் எந்தக் கணக்கில் எவ்வளவு போகும்? தொழிலாளியின் 12 சதவீதம் 2,160. முதலாளியும் அதே 2,160 கட்டுவார். அதில் ஓய்வூதியக் கணக்குக்கு 8.33 சதவீதம். அந்த 8.33-ஐ 18,000-க்குப் போடக் கூடாது, 15,000 என்ற உச்சவரம்புக்குத்தான் போட வேண்டும். ஆக 1,250 ஓய்வூதியத்துக்கு, மீதி 910 பி.எஃப். கணக்குக்கு.

இரண்டாவது கேள்வி: ஒருவருக்கு ஜூலையில் சம்பளம் உயர்ந்து, தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் உச்சவரம்பு 21,000-ஐத் தாண்டிவிட்டது, ஆகஸ்டில் இ.எஸ்.ஐ. பிடிப்பதை நிறுத்தலாமா? நிறுத்தக் கூடாது. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஒரு சந்தா காலம். அது முடியும்வரை, உயர்ந்த சம்பளத்தின் மேல் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம் கட்டித்தான் ஆக வேண்டும்.

தங்கப் பதக்கம் வாங்கிய பிள்ளைகள்கூட இந்த இரண்டில் தடுமாறுவார்கள். குற்றம் அவர்களுடையது இல்லை, வகுப்பில் யாரும் ஒரு சம்பளப் பட்டியலைக் கையில் கொடுத்திருக்க மாட்டார்கள். அதனால் ஒரு வழி சொல்கிறேன். கடலூரிலும் புதுச்சேரியிலும் சிறு கம்பெனிகளுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்குப் பார்க்கும் லேபர் லா கன்சல்டன்ட்கள் இருக்கிறார்கள். மாதா மாதம் 15-ஆம் தேதிக்குள் பணம் கட்டியாக வேண்டும் என்பதால் பத்தாம் தேதியிலிருந்து அங்கே மூச்சுவிட நேரம் இருக்காது. போய், சம்பளம் குறைவானாலும் பரவாயில்லை என்று ஆறு மாதம் உட்காருங்கள். ஒரே மேஜையில் இருபது கம்பெனிகளின் சம்பளப் பட்டியல் உங்கள் கண் முன்னால் போகும். கூடவே எக்செல்லில் விவரத்தைத் தேடி எடுக்கும் வி-லுக்கப்பும், தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளும் கை வந்துவிட்டால் போதும். அப்புறமும் சான்றிதழ் வேண்டும் என்று தோன்றினால், எச்.ஆர். சான்றிதழ் தரும் அமெரிக்க அமைப்பான எச்.ஆர்.சி.ஐ.யின் ஏ.பி.எச்.ஆர்.ஐ. பரீட்சை இருக்கிறது. முன் அனுபவம் கேட்காத ஆரம்ப நிலைப் பரீட்சை அது.

மேடம், சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருடமாகப் பேரோல் (சம்பளக் கணக்கு) பார்க்கிறேன். எச்.ஆர். டெக்னாலஜி பக்கம் போக ஆசை. எஸ்.ஏ.பி. சக்ஸஸ்ஃபேக்டர்ஸ் என்ற எச்.ஆர். மென்பொருளில் சான்றிதழ் எடுத்தால் மாற முடியுமா?
— வாசகர், வில்லியனூர்

முடியும் தம்பி. இவ்வளவு நாள் பேரோல் பார்த்த கை உங்களுடையது, இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கடிதமும் உங்களுடையதுதான்.

எஸ்.ஏ.பி. பரீட்சையைத் தனி ஆளாகவே கட்டணம் கட்டி எழுதலாம். ஊழியரின் அடிப்படைப் பதிவேட்டைக் கையாளும் ‘எம்ப்ளாயி சென்ட்ரல்’ பகுதியில் தொடங்குங்கள், மற்ற எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. வருடத்துக்கு இரண்டு முறை மென்பொருளில் புதிய மாற்றங்கள் வரும். சான்றிதழையும் அதற்கேற்பப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை எழுதி சட்டம் போட்டு மாட்டி வைக்கிற சமாசாரம் இல்லை. இன்னொன்று, மென்பொருளின் அடித்தள அமைப்பை மாற்றும் ‘புரொவிஷனிங்’ அனுமதி கூட்டாளி நிறுவனத்தில் இருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும். ஆகவே சான்றிதழ் எடுத்தபின் உங்கள் குறி அப்படிப்பட்ட நிறுவனமாக இருக்கட்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். ஸோஹோ பீப்பிள், கிரேட் எச்.ஆர்., கேகா மாதிரியான நம் நாட்டு மென்பொருள்களில் எதையாவது முன்னோட்டமாகத் திறந்து, உங்கள் தொழிற்சாலை மாதிரியே ஒன்றை அதில் கட்டிப் பாருங்கள். கட்டும்போதுதான் விஷயம் புரியும். கம்பெனிக்குச் சேதராப்பட்டில் ஒரு பிரிவும் கடலூர் சிப்காட்டில் ஒரு பிரிவும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 1 புதுச்சேரிக்கு விடுதலை நாள், ஆகஸ்ட் 16 சட்டபூர்வ இணைப்பு நாள். அங்கே இரண்டும் விடுமுறை, கடலூரில் சங்கு ஊதும். ஒரே விடுமுறைப் பட்டியலைப் போட்டு வைத்தால் ஒரு பிரிவில் எல்லோருக்கும் ஆப்சென்ட் விழும், இல்லாவிட்டால் இன்னொரு பிரிவில் வராத ஓ.டி. ஏறும். தொழில் வரியும் அப்படித்தான். கர்நாடகத்தில் மாதா மாதம் பிடிப்பார்கள், தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை. பெங்களூரில் அமைத்த மென்பொருளை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இதையெல்லாம் முன்கூட்டியே கேட்கத் தெரிந்தவர்தான் நல்ல எச்.ஆர். டெக்னாலஜி ஆள்.

பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மென்பொருளில் ‘லாஸ்ட் நேம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். காலியாக விட்டால் மேலே நகராது. நமக்கு ஏது லாஸ்ட் நேம்? ஒருவர் இனிஷியலைப் போடுவார், ஒருவர் அப்பா பெயரை முழுதாகப் போடுவார், இன்னொருவர் ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போய்விடுவார். ஆதாரில் ஒரு மாதிரி, பி.எஃப். கணக்கில் ஒரு மாதிரி, வங்கியில் ஒரு மாதிரி. வருகைப்பதிவுக்குக் கம்ப்யூட்டரே இல்லாத நாளில் நானே இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். டைம் ஆபீஸில் இருந்தபோது ஒரு ஆபரேட்டர் மாரடைப்பில் இறந்துபோனார். அவர் மனைவி பத்து வயசுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பி.எஃப். பணத்துக்குப் படிவம் 20, ஓய்வூதியத்துக்கு 10-டி, காப்பீட்டுக்கு 5-ஐ.எஃப்., மூன்றையும் நான்தான் நிரப்பினேன். மூன்றும் திரும்பி வந்தன. என் கையெழுத்தில் எழுதிய ஏட்டில் இறந்தவருக்கு ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் இரண்டு. பெயரின் கடைசி எழுத்து என்னிடம் ‘சு’, கார்டில் ‘ஜ்’. அந்த ஒரு எழுத்துக்காக அந்த அம்மா ஐந்து மாதம் அலைந்தார். ஒவ்வொரு முறையும் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். வேண்டாம்மா, போட்டுக்கொண்டே வாருங்கள் என்றாலும் கேட்க மாட்டார். அதன் பிறகு ஒரு ஆளின் பெயரைக்கூட அவரது அட்டையைக் கையில் வாங்கிப் பார்க்காமல் நான் எழுதியதில்லை.

நீங்கள் நாளைக்கு ஆயிரம் பேர் விவரத்தை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவீர்கள். ‘டேட்டா மைக்ரேஷன்’ என்று அதற்குப் பெயர். மாற்றும் முன் ஆதார், பி.எஃப்., வங்கி மூன்றிலும் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் வரிசையாக வைத்து ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைத் தனியாக எடுத்து, அந்தந்த ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நாமினி யார் என்றும் அப்போதே பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டவர்கள் எல்லாத் தொழிற்சாலையிலும் இருப்பார்கள்.

எனக்கு 46 வயது. 20 வருட அனுபவம். துபாயில் எச்.ஆர். வேலைக்கு முயல்கிறேன். எஸ்.எச்.ஆர்.எம்., எச்.ஆர்.சி.ஐ. இரண்டில் எது?
— வாசகர், நெய்வேலி

இரண்டும் எச்.ஆர். சான்றிதழ் தரும் அமெரிக்க அமைப்புகள், இரண்டுக்கும் மதிப்பு உண்டு. துபாய் என்பதால் பிரிட்டனின் எச்.ஆர். அமைப்பான சி.ஐ.பி.டி.யையும் சேர்த்துப் பாருங்கள். வளைகுடா விளம்பரங்களில் அந்தப் பெயரும் அடிக்கடி தென்படும். ஆனால் அதற்குப் பாடம், ஒப்படைப்பு என்று மாதக் கணக்கில் நேரம் பிடிக்கும்.

எச்.ஆர்.சி.ஐ.யில் இந்தியா போன்ற நாடுகளுக்கென்றே பி.எச்.ஆர்.ஐ., எஸ்.பி.எச்.ஆர்.ஐ. என்று பரீட்சைகள் இருக்கின்றன. வருடம் முழுக்க எழுதலாம். எஸ்.எச்.ஆர்.எம். தன் சொந்தப் பரீட்சையை 2015-இல் தொடங்கியது. வருடத்துக்கு இரண்டு பருவம்தான். அதில் சூழ்நிலையைக் கொடுத்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கும் கேள்விகள் நிறைய. உங்கள் அனுபவத்துக்கு அது பொருந்தும், மேல் நிலையான எஸ்.சி.பி.யையே யோசிக்கலாம். இந்த அமெரிக்கச் சான்றிதழ்களில் எதை எடுத்தாலும் மூன்று வருடத்துக்குள் 60 புள்ளிகளுக்குப் பயிற்சி, கருத்தரங்கு என்று கணக்குக் காட்டினால்தான் சான்றிதழ் உயிரோடு இருக்கும். பரீட்சைக் கட்டணம் டாலரில், சில நூறு ஆகும். தொடர்ந்து புதுப்பிக்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள். இந்தப் பரீட்சைகள் எதிலும் நம் கிராஜுவிட்டியும் வராது, துபாயின் பணிமுடிவுத் தொகையும் வராது. ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழிலாளர் சட்டத்தைத் தனியாக உட்கார்ந்து படித்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

பி.ஏ. தமிழ் வழியில் படித்தேன். தொழிற்சாலையில் நல அலுவலர் ஆக என்ன படிக்க வேண்டும்?
— வாசகி, குறிஞ்சிப்பாடி

நல்ல கேள்வி. இந்த வேலைக்கு வெளிநாட்டுச் சான்றிதழ் தேவையே இல்லை, அரசு ஏற்கும் தகுதிதான் வேண்டும். தமிழ் தெரிந்திருப்பது இங்கே பெரிய பலம். சென்னையில் தமிழக அரசின் தொழிலாளர் கல்வி நிலையம் இருக்கிறது. அங்கே தொழிலாளர் நிர்வாக முதுநிலைப் பட்டயத்தை வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ. படிப்பது இன்னொரு வழி. சேரும் முன், அந்தப் படிப்பு நல அலுவலர் பதவிக்கு ஏற்கப்பட்டதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டப்படி 500 தொழிலாளர் இருந்தால்தான் நல அலுவலர் கட்டாயம் என்று இருந்தது. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் அது 250 என்று இறங்கியிருக்கிறது. இதுவரை நல அலுவலரே இல்லாத நடுத்தரத் தொழிற்சாலைகளும் இனி ஆள் தேட வேண்டியிருக்கும். நீங்கள் தொடங்க இது நல்ல நேரம்.

இணையத்தில் இலவசமாகக் கிடைத்த 14 எச்.ஆர். சர்டிபிகேட்டுகள் என்னிடம் இருக்கின்றன. எல்லாவற்றையும் பயோடேட்டாவில் போடலாமா?
— வாசகர், லாஸ்பேட்டை

இரண்டு போதும். எந்த இரண்டைப் பற்றிப் பத்து நிமிடம் நிறுத்தாமல் பேச முடியுமோ, அந்த இரண்டு.