கரையில் எத்தனை மணி நேரம்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 62. பென்குயின்களைப் பற்றித் தொலைக்காட்சியில் எது வந்தாலும் நானும் என் கணவரும் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவோம். முட்டையைக் காலின் மேல் ஏந்திக்கொண்டு நிற்கும் பறவையைக் காட்டி, "ஒருநாள் நேரில் போய்ப் பார்ப்போம்" என்பார். அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. தனியாகவாவது அண்டார்க்டிகாவுக்குப் போய்வர நினைக்கிறேன். கையில் பன்னிரண்டு லட்சம் ரூபாய் இருக்கிறது. மூவாயிரம் பேர் போகும் பெரிய கப்பலில் பால்கனி வைத்த கேபினாக எடு, அதுதான் பாதுகாப்பு என்கிறான் மகன். பனி உருகிக்கொண்டிருக்கும் இடத்துக்கு நாம் வேறு போக வேண்டுமா என்கிறாள் மகள். வலது முழங்காலில் தேய்மானம் உண்டு. மாடிப்படி ஏறி இறங்க முடிகிறது. எந்தக் கப்பல், எந்த மாதம்? பேரன் அங்கிருந்து ஒரு கூழாங்கல் கேட்கிறான். கொண்டுவரலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள அம்மா,

போய்வாருங்கள். ஆனால் மகன் சொல்லும் கப்பலில் வேண்டாம்.

அவருடைய அக்கறை புரிகிறது. பெரிய கப்பல் அதிகம் ஆடாது, கட்டணமும் குறைவு. ஆனால் 500 பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் கப்பல் எதுவும் அண்டார்க்டிகாவில் பயணிகளைக் கரையில் இறக்குவதில்லை. பனிமலைகளுக்கு நடுவே ஓட்டிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று நாம் சொல்வது உண்டு. பென்குயினுக்கு அது பொருந்தாது. பால்கனியிலிருந்து பார்த்தால் வெள்ளைச் சரிவில் மிளகைச் சிதறியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவ்வளவுதான். அதற்காக உலகத்தின் அடி வரைக்கும் போக வேண்டியதில்லை.

இன்னொரு விதியும் இருக்கிறது, அதுதான் உங்களுக்கு முக்கியம். ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது. 1991-இல் தொடங்கப்பட்ட அண்டார்க்டிகா சுற்றுலா நடத்துநர்களின் பன்னாட்டுச் சங்கம் கடைப்பிடிக்கும் விதி இது. அண்டார்க்டிக் உடன்படிக்கை நாடுகளும் ஏற்றுக்கொண்டவைதான் இந்த வரம்புகள். இதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு பேர் போகும் கப்பல் என்றால் எல்லோரும் சேர்ந்து இறங்கலாம். இரண்டரை மணி நேரம் போல நிற்கலாம். இருநூறு பேர் என்றால் பாதிப் பேர் கரையில், மீதிப் பேர் ரப்பர் படகில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். பிறகு இடம் மாறுவார்கள். நானூறைத் தாண்டினால் உங்கள் பங்கு இன்னும் தேய்ந்துவிடும்.

நான் போனது நானூறு பேருக்கு மேல் ஏறிய கப்பலில். குவெர்வில் தீவில் இறங்கினோம். ஆயிரக்கணக்கான ஜென்டூ பென்குயின்கள் கூடு கட்டும் தீவு அது. கடலிலிருந்து கூட்டுக்குப் போய்வந்து போய்வந்து, பனியில் ஒரு முழ ஆழத்துக்கு ஒற்றையடிப் பாதை போட்டு வைத்திருந்தன. அதன் ஓரத்தில் ஒதுங்கி நின்றேன். கீழிருந்து ஒரு ஜென்டூ வந்தது. ஆரஞ்சு நிற அலகில் ஒரு கூழாங்கல். கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை, வயிற்றில் இன்னும் ஈரம். எனக்கு நேரே வந்ததும் நின்று கல்லைக் கீழே போட்டுவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து என்னைப் பார்த்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கல்லைத் திரும்பக் கவ்விக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கியது. அந்தக் கல்லைக் கொண்டுபோய்த் துணையின் காலடியில் வைத்து, இரண்டும் தலையைத் தாழ்த்தி வணங்கிக்கொள்ளும் என்று முந்தின நாள்தான் கப்பலில் சொல்லியிருந்தார்கள். அதைப் பார்ப்பதற்குள் வழிகாட்டி என் தோளைத் தொட்டு நேரம் முடிந்துவிட்டது என்றார். இறங்கி ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. அந்தப் பறவை கூட்டை அடைந்ததா, வழியிலேயே பக்கத்து வீட்டுக்காரன் கல்லைத் திருடிக்கொண்டானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கல் திருட்டு அங்கே சாதாரணம்.

அதனால்தான் சொல்கிறேன், முகவரிடம் பேசும்போது கேபினில் பால்கனி உண்டா என்பதைக் கடைசியில் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியவை: கப்பலில் மொத்தம் எத்தனை பயணிகள்? ஒரு நாளைக்கு எத்தனை முறை இறக்குவீர்கள்? ஒரு முறை இறங்கினால் ஓர் ஆள் கரையில் எவ்வளவு நேரம் நிற்கலாம்? இதற்கு நேராகப் பதில் சொல்லாதவரிடம் பணம் கட்டாதீர்கள். வானிலை இடம் கொடுக்காமல் ஓரிரு முறை இறங்க முடியாமல் போவது எந்தக் கப்பலிலும் நடக்கும், அது வேறு.

இப்போது உங்களுக்கு ஏமாற்றம் தரக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. புறப்படும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. நீங்களும் ஐயாவும் பார்த்த, காலின் மேல் முட்டையை ஏந்திப் பனிக்காற்றில் நிற்கும் பறவை பெரும்பாலும் எம்பரர் பென்குயினாகத்தான் இருக்கும். அது கடும் குளிர்காலத்தில், உறைந்த கடலின் மேல் முட்டையிடும். அப்போது எந்தப் பயணக் கப்பலும் அங்கே போவதில்லை. அங்கே கோடையான நவம்பர்-மார்ச் மாதங்களில், வழக்கமான பயணத்தில் பனித்தட்டின் மேல் வழி தவறியதுபோல் தனியாக ஒன்று தென்பட்டால் அது அதிர்ஷ்டம்.

காலின் மேல் முட்டை வைத்து அடைகாக்கும் இன்னோர் இனம் உண்டு: கிங் பென்குயின். தெற்கு ஜார்ஜியா தீவில் செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடாவில் மட்டும் ஒன்றரை லட்சம் ஜோடி அளவுக்கு இருக்கின்றன. தாயும் தந்தையும் முறை வைத்து ஏறத்தாழ 54 நாள் காலில் ஏந்தி நிற்கும். ஒரு குஞ்சை வளர்த்து ஆளாக்க ஓர் ஆண்டுக்கு மேல் ஆவதால், பழுப்புக் கம்பளி போர்த்ததுபோன்ற குஞ்சுகளை எந்த மாதம் போனாலும் பார்க்கலாம். ஆனால் தெற்கு ஜார்ஜியாவையும் சேர்த்த பயணம் மூன்று வாரம் ஆகும். உங்கள் பன்னிரண்டு லட்சத்துக்குள் அது அடங்காது. கடன் வாங்கியோ நகையை வைத்தோ அங்கே போக வேண்டாம் என்பேன். தென் அமெரிக்காவை நோக்கி நீண்டிருக்கும் அண்டார்க்டிக் தீபகற்பத்துக்குப் பத்துப் பதினொரு நாள் போய்வரும் பயணமே உங்களுக்குச் சரி. அங்கே ஜென்டூ, சின்ஸ்ட்ராப், அடேலி என்று மூன்று இனங்கள் இருக்கின்றன. முட்டை காலில் இருக்காது, கல்லால் கட்டிய கூட்டில் இருக்கும். ஆனால் தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாப்பதையும், ஒன்று கடலிலிருந்து திரும்பியதும் மற்றொன்று எழுந்து இடம் விடுவதையும் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பீர்கள். ஐயா இருந்திருந்தால் அதற்கும் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்.

மாதம்: ஜனவரி இரண்டாம் வாரம். நவம்பரில் பனி வெள்ளைவெளேரென்று அழகாக இருக்கும். ஆனால் கால் புதையும், உங்கள் முழங்கால் தாங்காது. டிசம்பர் கடைசியிலிருந்து குஞ்சு பொரிக்கத் தொடங்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் கட்டணம் உச்சத்தில் இருக்கும். ஜனவரி நடுவில் சில கூடுகளில் முட்டையும், பல கூடுகளில் தாயின் அலகைத் தட்டித் தட்டிச் சோறு கேட்கும் சாம்பல் குஞ்சுகளும் இருக்கும். கருவாட்டுக் கொட்டகை போல வாடை அடிக்கும். கிரில் என்னும், இறால் போன்ற சிறு உயிரியைத் தின்று தின்று எச்சமே இளஞ்சிவப்பாக இருக்கும். குளிர் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை, உறைநிலைக்குச் சற்று மேலும் கீழுமாகத்தான். ஸ்கூவா என்ற கடற்பறவை உங்கள் கண் முன்னாலேயே ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போகலாம். யாரும் குறுக்கிட மாட்டார்கள், நீங்களும் கூடாது. அந்த ஒரு நிமிடத்துக்கு மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்காலுக்கு வீட்டிலேயே ஒரு சோதனை. கப்பலின் பக்கவாட்டுப் படியில் இறங்கி, மாலுமி உங்கள் முன்கையையும் நீங்கள் அவர் முன்கையையும் பிடித்துக்கொண்டு, ஆடும் ரப்பர் படகில் கால் வைக்க வேண்டும். கரையில் படகின் விளிம்பில் உட்கார்ந்தபடி இரண்டு காலையும் வெளியே போட்டு, முழங்கால் அளவுத் தண்ணீரில் வழுக்கும் கல்லின் மேல் இறங்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து கால்களை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தூக்கிப் போட்டுக் கையூன்றாமல் எழுந்திருங்கள். இருபது முறை செய்து வலி இல்லையென்றால் உங்கள் எலும்பு மருத்துவரிடம் பேசுங்கள். அவர் வேண்டாம் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். தென் ஆப்பிரிக்காவில் கேப் டவுன் அருகே சைமன்ஸ் டவுனில் மரப்பாலத்தில் நின்றே ஆப்பிரிக்கப் பென்குயின்களைப் பார்க்கலாம். அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் அது. அவற்றைப் போய்ப் பார்ப்பதும் சின்ன விஷயமில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கப்பல் அர்ஜென்டினாவின் உஷுவாயாவிலிருந்து கிளம்பும். சுமார் 800 கிலோமீட்டர் அகலமுள்ள டிரேக் நீரிணையைக் கடக்கப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். கடல் குமட்டலுக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, ஆட்டம் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் கப்பலின் நடுவில் இருக்கும் கேபினாக எடுங்கள். ஆட்டமும் குறைவு, விலையும் குறைவு. தனி ஆளுக்குத் தனிக் கேபின் என்றால் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை கேட்பார்கள். இன்னொரு பெண்மணியோடு பகிர்ந்துகொள்ளச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தால் பல நிறுவனங்கள் துணை சேர்த்துவிடும். அவசர மருத்துவத்துக்கு அங்கிருந்து தூக்கிவரும் செலவையும் ஏற்கும் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் பெரிய மருத்துவமனை தென் அமெரிக்காவில்தான்.

உங்கள் மகள் கேட்டதை நான் ஒதுக்க மாட்டேன். 1990-களின் தொடக்கத்தில் ஒரு பருவத்துக்குப் பத்தாயிரம் பேருக்கும் குறைவாகப் போன இடத்துக்கு 2023-24 பருவத்தில் 1,20,000 பேருக்கு மேல் போனார்கள். தீபகற்பத்தின் மேற்குக் கரையில் கடல்பனி குறையக் குறைய, பனியை நம்பி வாழும் அடேலி குறைந்து ஜென்டூ தெற்கே பரவுகிறது. நம் விமானமும் கப்பலும் விடும் புகைக்கு அதில் பங்கில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. போவதென்று முடிவெடுத்தால் ஒருமுறை போங்கள், முழுதாகப் போங்கள், அங்கே சொல்வதை எழுத்துக்கு எழுத்து கேளுங்கள். பென்குயினுக்கும் உங்களுக்கும் ஐந்து மீட்டர் இடைவெளி. அது தானாக அருகில் வந்தால் அசையாமல் நில்லுங்கள். அதன் பாதையில் நடக்காதீர்கள். உங்கள் கால் பனியில் புதைந்து குழி விழுந்தால் மூடிவிடுங்கள். குட்டைக்கால் பறவை அதில் விழுந்தால் ஏற முடியாது. பறவைக் காய்ச்சல் 2024-இல் அண்டார்க்டிகப் பெருநிலத்திலும் கண்டறியப்பட்டுவிட்டதால் இப்போது தரையில் உட்காரவோ மண்டியிடவோ பையை வைக்கவோ விடுவதில்லை. நம் ஊர்ப் புல்லில் நடந்தால் சேலை ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுமே ஒட்டுப்புல், அப்படி ஒரு விதைகூட அங்கே போய்ச் சேரக் கூடாது என்று உடை மடிப்பையும் பையின் மூலையையும் கருவி வைத்து உறிஞ்சிச் சுத்தம் செய்யச் சொல்வார்கள். சலித்துக்கொள்ளாமல் செய்யுங்கள்.

பேரனுக்குக் கல் கிடையாது. அங்கிருந்து கல், இறகு, எலும்பு எதையும் எடுத்துவரக் கூடாது. ஒவ்வொரு கல்லுக்காகவும் ஒரு பறவை எவ்வளவு தூரம் நடக்கிறது என்பதை நீங்களே பார்ப்பீர்கள். அதற்குப் பதிலாகப் போர்ட் லாக்ராய்க்குப் போகும் கப்பலாகக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். 1944-இல் பிரிட்டன் அமைத்த பழைய தளம் அது. இப்போது அருங்காட்சியகமும் கோடையில் இயங்கும் அஞ்சல் நிலையமும் இருக்கின்றன. வாசல் படியை ஒட்டியே ஜென்டூ கூடு கட்டியிருக்கும். அங்கே ஓர் அஞ்சலட்டை வாங்கி, அன்று காலை பார்த்த பறவை எந்தப் பக்கமிருந்து கல் கொண்டுவந்தது, யார் கூட்டில் வைத்தது என்று பேரனுக்கு எழுதுங்கள். அட்டை ஃபாக்லாந்து தீவுகள் வழியாகச் சுற்றிக்கொண்டு தஞ்சாவூர் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். நீங்கள் வீடு திரும்பிய பிறகுதான் வரும். வரும்போது அவன் பக்கத்தில் இருங்கள். முடிந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள் அம்மா. அந்தக் கல் கூட்டுக்குப் போய்ச் சேர்வதை நீங்கள் பார்த்தீர்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.