எக்கோவுக்கும் தாளம் வேண்டும்

கேள்வி: வீட்டிலேயே பாடி ரெக்கார்டு செய்கிறேன். குரலுக்கு டிலே (எதிரொலி எஃபெக்ட்) போட்டால் தனியாகக் கேட்க நன்றாக இருக்கிறது. தாளத்தோடு சேர்ந்ததும் கசகசவென்று ஆகிவிடுகிறது. பாட்டு 92 பிபிஎம் (நிமிடத்துக்கு 92 அடி).
- வாசகி, திண்டுக்கல்

பதில்: 60,000-ஐ 92-ஆல் வகுத்துப் பாருங்கள், 652 வரும். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே அத்தனை மில்லி செகண்ட். பாதி 326, முக்கால் 489. குரலுக்கு டிலே நேரம் 652 அல்லது 326 வைத்தால் போதும். முக்கால் கணக்கு கிட்டாருக்குப் பிரமாதம். யூ2 ராக் குழுவின் கிட்டார் கலைஞர் எட்ஜ் அதை வைத்தே தனி பாணி உண்டாக்கினார். ஆனால் சொல் அடர்ந்த தமிழ் வரியில் அதைப் போட்டால் ஒரு சொல்லும் புரியாது.

நேரம் சரியாக இருந்தும் கசகசத்தால் ஃபீட்பேக்கைக் குறையுங்கள், இரண்டு மூன்று முறை திரும்பினால் போதும். எதிரொலியில் மட்டும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் 'ச'வும் 'ஸ'வும் திரும்பத் திரும்ப வந்து காதைக் குத்தும். எனக்குப் பிடித்தது, பல்லவி முழுக்க டிலேயை மூடி வைத்துவிட்டு, வரியின் கடைசிச் சொல்லுக்கு மட்டும் திறப்பது.

கிளிக் (காதில் அடி காட்டும் டிக்-டிக் ஒலி) இல்லாமல் பாடியிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண். முதலில் கிளிக் போட்டுப் பாடுங்கள்.

கேள்வி: 'தகிட தகிட' என்று ஓடும் பாட்டு, 80 பிபிஎம். டிலேயைப் பாட்டின் வேகத்தோடு பொருத்தும் சிங்க் பட்டனைப் போட்டு 1/8 வைத்தேன். இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் இடிக்கிறது.
- வாசகர், மதுரை

பதில்: இடிக்கத்தான் செய்யும். உங்கள் அடி 750 மில்லி செகண்ட். திஸ்ர நடையில் அது மூன்றாகப் பிரிகிறது, ஆளுக்கு 250. சாஃப்ட்வேரோ 4/4 என்று நினைத்து அடியை இரண்டாக வெட்டி 375 தருகிறது. அது 'கி'க்கும் 'ட'வுக்கும் நட்டநடுவில் போய் விழும். மெனுவில் 1/8 பக்கத்தில் டி எழுத்து போட்ட ட்ரிப்லெட் இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள், 250 வந்துவிடும்.

கேள்வி: கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவில் பாடுகிறேன். டோலக் அண்ணன் சரணத்தில் வேகம் கூட்டிவிடுவார். டிலேயை எப்படிப் பொருத்துவது?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: டோலக் அண்ணனைத் திருத்த முடியாது. மிக்ஸரில் டேப் (tap) பட்டன், அதாவது தட்டும் வேகத்துக்கு டிலேயைப் பொருத்தும் பட்டன், இருந்தால், சரணம் தொடங்கியதும் நாலு அடி தட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் 100 முதல் 120 மில்லி செகண்டில், ஒரே ஒரு முறை திரும்பும் ஸ்லாப்பேக் வையுங்கள். அவ்வளவு குறுகியதற்கு டெம்போ பெரிதாகப் பொருட்டில்லை. 1950-களில் மெம்பிஸ் சன் ஸ்டுடியோவில் சாம் பிலிப்ஸ் இரண்டாவது டேப் மெஷினை வைத்து எடுத்த ஒலி அதுதான். பதிவு செய்யும் ஹெட்டுக்கும் திருப்பிப் பாடும் ஹெட்டுக்கும் இருந்த இடைவெளியே டிலே.

மேடைக்கு எதிரே 34 மீட்டரில் மதில் இருந்தால், அதுவே 200 மில்லி செகண்டில் ஓர் எக்கோ தரும். அதற்கு சிங்க் பட்டன் கிடையாது. அங்கே உங்கள் டிலேயின் சத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

கேள்வி: பாட்டு முடிந்து பேசும்போதும் மைக்செட்காரர் எக்கோவை எடுப்பதில்லையே?
- அதே வாசகர்

பதில்: பல மிக்ஸர்களில் எஃபெக்டை நிறுத்த ஃபுட்ஸ்விட்ச் செருகும் துளை உண்டு. ஒன்று வாங்கி உங்கள் காலடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். யாரையும் கேட்க வேண்டியதில்லை.