கேளுங்கள், சொல்கிறேன்: மழைக்கால ஸ்பெஷல்

போன இதழில் புயல், வெள்ளம் பற்றி ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எழுதுங்கள் என்று கடைசியில் ஒரு வரி போட்டேன். இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக் கேள்வி செயற்கைக்கோளைத் திட்டி, மீதி செல்போனைத் திட்டி. கையில் எடுத்தவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

2023 டிசம்பரில் எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை என்று அப்புறம் சொன்னார்கள். மேலே இத்தனை செயற்கைக்கோள் இருந்தும் முன்கூட்டியே சொல்ல முடியாதா? (தூத்துக்குடி வாசகி)

உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் செயற்கைக்கோள் எதைப் பார்க்கிறது என்று தெரிந்தால் கோபத்தை வேறு பக்கம் திருப்புவீர்கள். இன்சாட் வகைக் கோள்கள் 36,000 கி.மீ. உயரத்தில், பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல நிற்கின்றன. அங்கிருந்து தெரிவது மேகத்தின் உச்சி. அது எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று அளக்கும். உச்சி ரொம்பக் குளிர்ந்திருந்தால் மேகம் உயரமாக வளர்ந்திருக்கிறது, கீழே நல்ல மழை பெய்யலாம் என்பது கணக்கு. கூரையைப் பார்த்து உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்வது மாதிரிதான் இது.

புயலென்றால் அதற்கு ஒரு உருவம் உண்டு, கண் உண்டு, போகிற வழி உண்டு. அன்று உங்கள் பக்கம் வந்தது புயல் இல்லை, குமரிக் கடல் பக்கம் இருந்த வளிமண்டலச் சுழற்சி. அது நகராமல் நின்று ஒரே இடத்தில் கொட்டிவிட்டது. மழை வரும் என்பது தெரிந்திருந்தது. இவ்வளவு வரும் என்பதும் இன்ன ஊரில் வரும் என்பதும்தான் தெரியவில்லை.

எனக்கு இதைவிட உறுத்துவது ஒரு சொல். வானிலைத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.யைத் தாண்டிவிட்டால் ‘அதிகனமழை’. அதற்கு மேல் பெயர் இல்லை. 21 செ.மீ.யும் அதிகனமழை, 95 செ.மீ.யும் அதிகனமழை. நவம்பர், டிசம்பரில் இந்தச் சொல்லை மாதத்துக்கு நான்கு முறை டிவியில் கேட்கிற ஒருவர், ஐந்தாவது முறை கேட்டதும் கட்டிலையும் அரிசி மூட்டையையும் மாடிக்கு ஏற்றுவார் என்று எதிர்பார்த்தால் எப்படி? சொன்னோம் என்று ஒரு பக்கமும், போதுமான அளவு சொல்லவில்லை என்று இன்னொரு பக்கமும் அப்போது அரசியல்வாதிகள் சண்டை போட்டுக்கொண்டார்கள். ‘தாமிரபரணி இந்தப் பாலத்தைத் தாண்டும், இன்ன தெருவில் இடுப்பளவு நிற்கும்’ என்று யாராவது சொன்னார்களா என்பதுதான் என் கேள்வி. மழை அளவைத் தெருவில் நிற்கப்போகும் தண்ணீராக மாற்றிச் சொல்ல, நிலத்தின் ஏற்ற இறக்க வரைபடம், ஏரி குளங்களின் அன்றைய நிலவரம், வாய்க்கால் அடைப்பு எல்லாம் வேண்டும். அந்த வேலை தரையில் இருக்கிறது, வானத்தில் இல்லை.

வெள்ளம் வருகிற நாளில் வானம் முழுக்க மேகம். அப்புறம் எப்படி செயற்கைக்கோள் வெள்ளத்தைப் படம் எடுக்கிறது? (கல்லூரி மாணவர், சென்னை)

சாதாரணக் கேமரா எடுக்காது. ரேடார் எடுக்கும். ஐரோப்பியர்களின் சென்டினல்-1, நம்முடைய ரிசாட், 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார், இவையெல்லாம் தாங்களே ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கின்றன. மேகமும் இருட்டும் அதற்குத் தடையில்லை. தேங்கி நிற்கிற தண்ணீர் கண்ணாடி மாதிரி அலையை வேறு பக்கம் தெறித்துவிடுவதால் படத்தில் கருப்பாக விழும். மழைக்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்ததையும் பக்கத்தில் வைத்தால், புதிதாகக் கருத்த இடமெல்லாம் வெள்ளம்.

டெல்டா வயலில் இது பிரமாதமாக வேலை செய்யும். தி.நகரில் சொதப்பும், ஏனென்றால் தண்ணீரில் பட்டுத் தெறித்த அலை பக்கத்துக் கட்டடச் சுவரில் பட்டுத் திரும்பிக் கோளுக்கே போய்விடும், கருப்பாக விழ வேண்டியது வெளிச்சமாக விழும். போதாக்குறைக்கு, இந்தக் கோள்கள் பூமியைச் சுற்றிக்கொண்டே இருப்பவை. நிசார் அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் ஆகும். சென்னை வெள்ளம் 12 நாள் காத்திருக்குமா? 2015 டிசம்பரில் எந்தத் தெருவில் தண்ணீர் என்பதை நகரத்துக்காரர்களே இணைய வரைபடத்தில் தெருத் தெருவாகக் குறித்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? வேளச்சேரிக்காரருக்கு அன்று அதுதான் உதவியது.

என் அப்பா ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர். ஒக்கிக்கு அப்புறம் அரசு ஏதேதோ கருவி கொடுக்கிறார்கள். இதை நம்பலாமா? (வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்)

இந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒக்கியில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 2017 நவம்பர் 29 காலையில் அது வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாள் காலையில் புயல். கரையில் இருந்தவர்களுக்கு ‘கடலுக்குப் போகாதீர்கள்’ என்று சொன்னார்கள். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் படகுகள் போய் எத்தனையோ நாள் ஆகியிருந்தது! லட்சத்தீவு, குஜராத் பக்கம் வரை போய் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்கிறவர்கள் அவர்கள். கரையிலிருந்து கொஞ்ச தூரம் தாண்டினாலே செல்போன் செத்துவிடும், வயர்லெஸ் பக்கத்துப் படகு வரை கேட்கும். செயற்கைக்கோள் போனை அனுமதியில்லாமல் வைத்திருந்தால் நம் ஊரில் குற்றம். மேலே இருந்த கோள் புயலைப் பார்த்துக்கொண்டிருந்தது, கீழே இருந்தவருக்கு அதைச் சொல்ல வழியில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை.

அதற்கப்புறம் 2019-ல் ஜெமினி என்று ஒரு பெட்டி வந்தது. ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையை வாங்கி ப்ளூடூத்தில் போனுக்குக் கொடுக்கும். நல்ல விஷயம்தான், ஆனால் ஒருவழிப் பாதை. கரை பேசும், படகு கேட்கும், படகு திரும்பப் பேச முடியாது. இப்போது கொடுப்பது இஸ்ரோ உருவாக்கிய ட்ரான்ஸ்பாண்டர். படகு இருக்கும் இடம் கரைக்குத் தெரியும், இரண்டு பக்கமும் சிறு செய்தி போகும், ஆபத்து என்றால் ஒரு பொத்தான். ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கினார்கள்.

நம்பலாமா என்றால், எச்சரிக்கைக்கு நம்பலாம், பொருத்தச் சொல்லுங்கள். உங்கள் அப்பா தயங்கினால் அதற்கும் காரணம் இருக்கும். எங்கே நல்ல மீன் கிடைக்கிறது என்பது அவர் தொழில் ரகசியம், அதை ஒரு பெட்டி எப்போதும் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருப்பதை யார் விரும்புவார்? எல்லை தாண்டினால் பெட்டியே சாட்சியாகிவிடுமோ என்ற பயமும் உண்டு. இந்தத் தகவலை யார் பார்க்கலாம், எதற்குப் பயன்படுத்தலாம் என்று அதிகாரிகள் துறைமுகத்துக்கு வந்து, எழுத்தில் சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும். அதைச் சொல்லாமல் ‘மீனவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று பேசுகிற கூட்டங்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

போன் திடீரென்று அலறுகிறது. பாட்டி பயந்துவிட்டார். அதை நிறுத்துவது எப்படி? (திருச்சி வாசகர்)

நிறுத்த வேண்டாம், அது அரசு அனுப்பும் பேரிடர் எச்சரிக்கை. 2023-ல் நாடு முழுக்கச் சோதனை ஓடியபோது என் அம்மாவும் போனைத் தூக்கி சோபாவில் எறிந்தார், அப்படியும் சொல்கிறேன். குறுஞ்செய்தி ஒவ்வொரு எண்ணாகப் போகும், நெரிசலில் மறுநாள் வந்து சேரும். இது அப்படியில்லை. ஒரு டவரின் கீழே இருக்கிற எல்லாப் போனுக்கும் ஒரே நொடியில் ஒலிபரப்பாகும். எண் தெரிய வேண்டாம், இணையம் வேண்டாம். பாட்டிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அடுத்த முறை அவரே உங்களைக் கூப்பிடுவார்.

சுனாமியை செயற்கைக்கோள் பார்த்துவிடுமா? (நாகப்பட்டினம்)

நடுக்கடலில் சுனாமி அலையின் உயரம் ரொம்பக் குறைவு, மேலே இருந்து பார்த்து எச்சரிக்கிற விஷயமில்லை. கடலடியில் அழுத்தம் அளக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். அது மேலே மிதவைக்குச் சொல்லும், மிதவை செயற்கைக்கோளுக்கு, செயற்கைக்கோள் ஹைதராபாத்தில் இருக்கிற சுனாமி எச்சரிக்கை மையத்துக்கு. 2007 முதல் அந்த மையம் இயங்குகிறது. சிக்கல் எங்கே தெரியுமா? மிதவையின் நிழலில் மீன் கூடும், அதனால் படகைக் கொண்டுபோய் அதில் கட்டுவார்கள், கருவி உடையும். தயவுசெய்து கட்டாதீர்கள்.

வயநாட்டு நிலச்சரிவை முன்பே கண்டுபிடித்திருக்க முடியாதா? (கூடலூர்)

எந்த நாள், எந்த மணி என்று முடியாது. எந்த இடம் என்று ஓரளவு முடியும். 2024 ஜூலை 30 அன்று நடந்த அந்தச் சரிவுக்குப் பிறகு ஹைதராபாத்தின் தேசியத் தொலையுணர்வு மையம் வெளியிட்ட படங்களில் சுமார் 86,000 சதுர மீட்டர் மலை சரிந்து, மண்ணும் பாறையும் ஏறக்குறைய 8 கி.மீ. ஓடியது தெரிந்தது. அதே இடத்தின் 2023 மே மாதப் படத்தில் பழைய சரிவின் தழும்பும் இருந்தது. தழும்பு இருக்கிற மலைக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள், மழை எத்தனை செ.மீ. தாண்டினால் அவர்களை எழுப்புவது என்பதைப் படம் சொல்லாது. உங்கள் ஊரிலும் இதைக் கேளுங்கள்.

இவ்வளவு டெக்னாலஜி வந்த பிறகும் ஊரில் ஆட்டோவில் மைக் கட்டி ‘புயல் வருது’ என்று கத்துகிறார்களே, சிரிப்பாக இல்லையா? (புதுச்சேரி)

புதுச்சேரியிலிருந்தா கேட்கிறீர்கள்! உங்களுக்குப் பக்கத்தில் நல்லவாடு என்று ஒரு மீனவ கிராமம் இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையம் வைத்திருந்தது. கடல் அலை உயரம் பற்றிய தகவலை இணையத்திலிருந்து எடுத்து, ஊர் ஒலிபெருக்கியில் தினமும் வாசிப்பார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். மையத்தின் பூட்டை உடைத்து, அதே ஒலிபெருக்கியில் ‘ஓடுங்கள்’ என்றார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்த ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. அந்தக் குழாய் தினமும் அலை உயரம் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்ததால்தான் அன்று அது சொன்னதும் நம்பி ஓடினார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஒடிசாவையும் பாருங்கள். 1999 பெரும் புயலில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அப்போதும் இன்சாட் மேலே இருந்தது. 2013-ல் பைலின் வந்தபோது ஏறக்குறைய பத்து லட்சம் பேரை வெளியேற்றினார்கள், இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. நடுவில் கோள்களும் கணிப்பும் தேறியது உண்மை, புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டியதும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டதும் அதே அளவுக்கு உண்மை. பிறகு 2018-ல் கடற்கரையோரம் 122 இடங்களில் சைரன் கோபுரமும் வைத்தார்கள். ஆட்டோ மைக்குக்குச் சிரிக்காதீர்கள்.

கடைசியாக, என்னென்ன ஆப் வைத்துக்கொள்ளலாம்? (பலர்)

வானிலை எச்சரிக்கைக்கு சசேத், தமிழ்நாட்டுக்கு டிஎன் அலர்ட், இடி மின்னலுக்கு தாமினி. மூன்று போதும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. இந்த இரண்டு எண்ணையும் போனில் மட்டும் சேமிக்காமல் தாளில் பெரிதாக எழுதி அலமாரிக் கதவின் மேல்பக்கம் ஒட்டுங்கள், கீழ்ப்பக்கம் வேண்டாம், தண்ணீர் ஏறினால் முதலில் நனைவது அதுதான்.