ஆடியோ கேள்வி பதில்: ரெக்கார்டு மெதுவாக, ஸ்ட்ரீமர் சத்தமாக

கேள்வி: இளையராஜா எல்.பி. கேட்க ஆம்பின் வால்யூம் குமிழைப் பாதிக்கு மேல் திருப்ப வேண்டியிருக்கிறது. அப்படியே ஸ்ட்ரீமருக்கு (இணையப் பாட்டுகளை வாசிக்கும் கருவி) மாற்றினால் வீடே அதிர்கிறது. கார்ட்ரிட்ஜ் (ஊசி இருக்கும் பகுதி) ஆடியோ-டெக்னிகா ஏடி-விஎம்95இ, அதன் சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ஸ்டேஜ் 40 டெசிபல். ஆம்பில் கோளாறா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: ஆம்ப் நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் கார்ட்ரிட்ஜ் தருவது 4 மில்லிவோல்ட். 40 டெசிபல் என்றால் 100 மடங்கு. ஆக ஆம்புக்கு வருவது 0.4 வோல்ட். சிடி பிளேயரும் பெரும்பாலான ஸ்ட்ரீமர்களும் உச்சத்தில் 2 வோல்ட் தள்ளுகின்றன. ஐந்து மடங்கு, அதாவது 14 டெசிபல்.

இந்த 14-ஐ அப்படியே நம்பிக் குறைத்துவிடாதீர்கள். 4 மில்லிவோல்ட் என்பது ஊசி நொடிக்கு 5 செ.மீ. வேகத்தில் அசையும்போது கிடைப்பது. தட்டில் சத்தமான இடங்களில் வேகம் அதைப்போல் மூன்று மடங்கும் போகும். மறுபக்கம், இன்றைய டிஜிட்டல் மாஸ்டர்களில் (வெளியீட்டுக்கான இறுதி ஒலிப்பதிவுகளில்) மெல்லிய இடங்களையும் உச்சத்துக்கு அருகே தூக்கி வைத்திருப்பார்கள். அதனால் அளந்துதான் பார்க்க வேண்டும்.

இரண்டிலும் இருக்கும் ஒரே பாட்டை எடுங்கள். குமிழைத் தொடாமல், வழக்கமாக உட்காரும் இடத்தில் போனை வைத்து, ஒலி அளக்கும் செயலியில் ஒரே பல்லவியை இரண்டு முறை அளந்து கழித்துப் பாருங்கள். மாஸ்டருக்கு மாஸ்டர் வித்தியாசப்படும் என்பதால் மூன்று நான்கு பாட்டுகளின் சராசரி போதும். ஒரு டெசிபலுக்குக் கீழே துரத்துவது வீண் வேலை. ஸ்பாட்டிஃபை என்றால் அளக்கும் முன்பே ஒலியளவைச் சமன்செய்யும் வசதியை (வால்யூம் நார்மலைசேஷன்) ‘நார்மல்’ நிலையில் வையுங்கள். அது எல்லாப் பாட்டையும் சுமார் -14 எல்யூஎஃப்எஸ்-க்கு (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) கொண்டுவரும். இல்லையென்றால் ஆல்பத்துக்கு ஆல்பம் கணக்கு மாறும்.

குறைக்க வேண்டியது சத்தமான பக்கத்தை. ஃபோனோ கெயினைக் (பெருக்கத்தை) கூட்டினால் ஊசியின் உரசலும் ஹம்மும் (மின் ரீங்காரம்) சேர்ந்தே கூடும். 6 டெசிபல் ஏற்றினால் ஃபோனோ ஸ்டேஜ் தாங்கும் அளவு பாதியாகும். முதலில் ஆம்பின் மெனுவில் இன்புட் வாரியாக அளவு மாற்ற முடியுமா என்று பாருங்கள். டினான், மராண்ட்ஸ் ஏ.வி. ரிசீவர்களில் ‘சோர்ஸ் லெவல்’ என்று இருக்கும். இல்லையா, ஸ்ட்ரீமரின் அவுட்புட்டையே தேவையான அளவு இறக்கி அங்கேயே விட்டுவிடுங்கள். டிஜிட்டலில் குறைத்தால் தரம் போய்விடும் என்ற பயம் இங்கே தேவையில்லை: 6 டெசிபலுக்கு ஒரு பிட் போகும், 12-க்கு இரண்டு. 16 பிட் பாட்டை 24 பிட்டில் வாசிக்கும் கருவியில் எட்டு பிட் சும்மா கிடக்கிறது.

கேள்வி: என் சிடி பிளேயரில் வால்யூமே கிடையாது. சிக்னலைக் குறைக்கும் அட்டென்யுவேட்டரை நானே செய்யலாமா?
- சோல்டர் பிடிக்கத் தெரிந்த வாசகர், மதுரை

பதில்: தாராளமாக. ஒவ்வொரு சேனலுக்கும் சிக்னல் வரும் வழியில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். அதைத் தாண்டி, ஆம்ப் பக்கம், சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 3.3 கிலோ ஓம். ஆம்பின் இன்புட் 47 கிலோ ஓம் என்றால் சுமார் 12.5 டெசிபல் குறையும். கால் வாட், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் நான்கு வாங்குங்கள். 5 சதவீதம் என்றால் இடத்துக்கும் வலத்துக்கும் ஒரு டெசிபலுக்குச் சற்று மேலேகூடப் பிசகலாம், பாடகர் நடுவிலிருந்து நகர்ந்துவிடுவார். கேபிளின் ஆம்ப் பக்கத்து ஆர்சிஏ பிளக்குக்குள் வையுங்கள். பிளேயர் பக்கம் வைத்தால் நீளமான கேபிளை 2.5 கிலோ ஓம் எதிர்ப்போடு ஓட்ட வேண்டிவரும், இரைச்சல் ஒட்டும்.

கார்ட்ரிட்ஜுக்கும் ஃபோனோ ஸ்டேஜுக்கும் நடுவில் மட்டும் இதை வைக்கவே கூடாது. எம்.எம். (காந்தம் அசையும் வகை) கார்ட்ரிட்ஜ் எதிர்பார்ப்பது 47 கிலோ ஓம் சுமை. இந்த ரெசிஸ்டர்கள் சேர்ந்து சுமார் 13 கிலோ ஓமைக் காட்டினால் மேல்ஸ்தாயி மங்கிவிடும்.

கேள்வி: டினான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜுக்கு மாறினேன். முழு வால்யூமிலும் சத்தம் போதவில்லை.
- ஒரு வாசகர், சென்னை

பதில்: அது எம்.சி. (காயில் அசையும்) வகை, தருவது 0.3 மில்லிவோல்ட். எம்.எம். நிலையில் 40 டெசிபல் பெருக்கினால் 30 மில்லிவோல்ட்தான். ஃபோனோ ஸ்டேஜில் எம்.சி. சுவிட்ச் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். 60 டெசிபல் கிடைத்தால் 0.3 வோல்ட் ஆகும். சுவிட்ச் இல்லையென்றால் மின்னழுத்தத்தைப் பத்து மடங்காக்கும் 1:10 ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரை எம்.எம். இன்புட்டுக்கு முன்னால் போடுங்கள். மாற்றும்போது ஆம்ப் ஆஃபில் இருக்கட்டும், குமிழ் சுழியத்தில்.